ஐஸ்லாந்து ஹேண்ட்பால் அணியின் ஏற்ற இறக்கம்: 1958 முதல் 2025 வரை

கேள்வி இதுதான்: நாலு லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்து, ஹேண்ட்பாலில் பிரான்ஸ், ஸ்பெயின், ஜெர்மனி போன்ற நாடுகளோடு எப்படி மோதுகிறது? அதன் ஆண்கள் தேசிய அணியின் போட்டி வரலாறு என்ன? ஒரு வருடம் மேலே, அடுத்த வருடம் கீழே என்று ஏன் தள்ளாடுகிறது?

முதலில் சுருக்கமாக. ஐஸ்லாந்தின் பெரிய பதக்கங்கள் இரண்டு: 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளி, 2010 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் வெண்கலம். உலக சாம்பியன்ஷிப்பில் அதன் சிறந்த இடம் 1997-ல் வந்த 5-ஆம் இடம். 1992 ஒலிம்பிக்கிலும் 2002 ஐரோப்பியப் போட்டியிலும் 4-ஆம் இடம். இவற்றுக்கு நடுவில் 13, 14, 15 என்ற இடங்களும், தகுதியே பெறாத வருடங்களும் உண்டு. என் முடிவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த அணியின் வரலாற்றை முதல் ஏழு வீரர்களின் திறமையை வைத்துப் படித்தால் ஒன்றும் விளங்காது. பெஞ்சில் இருக்கும் எட்டாவது ஆளிலிருந்து பதினான்காவது ஆள் வரை யார் என்பதை வைத்துப் படித்தால், ஏறக்குறைய எல்லா முடிவுகளுக்கும் காரணம் கிடைக்கும்.

ஆட்டம் புதிதாக இருப்பவர்களுக்காகக் கொஞ்சம். உள்ளரங்கில் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள களம். ஒரு பக்கத்துக்கு கோல்கீப்பரோடு ஏழு பேர். இரண்டு பாதிகள், ஒவ்வொன்றும் 30 நிமிடம். கோலுக்கு முன்னால் 6 மீட்டர் கோட்டுக்குள் கீப்பர் மட்டுமே நிற்கலாம். மற்றவர்கள் கோட்டுக்கு வெளியிலிருந்தோ, காற்றில் பாய்ந்தபடியோதான் எறிய வேண்டும். ஒரு ஆட்டத்தில் ஒரு அணி 25 முதல் 35 கோல் போடுவது சாதாரணம். வீரர்களை நிறுத்தாமல் மாற்றிக்கொள்ளலாம். ஆட்டம் உடல்மோதல் நிறைந்தது. ஒரே ஏழு பேரை அறுபது நிமிடமும் ஓடவிட்டால் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் பந்து கையை விட்டு நழுவ ஆரம்பிக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பலமுறை தேவைப்படும்.

ஐஸ்லாந்தில் உள்ளரங்கத் தேசிய சாம்பியன்ஷிப் 1940-ல் தொடங்கியது; முதல் பட்டம் தலைநகர் ரெய்க்யவிக்கின் வாலூர் கிளப்புக்கு. தேசிய அணியின் முதல் சர்வதேச ஆட்டம் 1950-ல் ஸ்வீடனுக்கு எதிராக, தோல்வி. தேசிய ஹேண்ட்பால் சங்கம் 1957-ல் அமைந்தது, மறு வருடமே அணி கிழக்கு ஜெர்மனியில் நடந்த உலக சாம்பியன்ஷிப்புக்குப் போனது. அன்றைக்கு நாட்டின் மக்கள்தொகை இரண்டு லட்சத்தைக்கூட எட்டவில்லை. முதல் சுற்றோடு வெளியேறினாலும், அடுத்த போட்டியிலேயே உலகப் பட்டம் வெல்லவிருந்த ருமேனியாவைத் தோற்கடித்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்கள். 1961-ல் மேற்கு ஜெர்மனியில் 6-ஆம் இடம். 1964-ல் அன்றைய வல்லரசான ஸ்வீடனை வென்றார்கள்.

இந்தச் சாதனைகளின் அளவு தெரிய வேண்டுமானால், அவர்கள் எங்கே பயிற்சி எடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். ரெய்க்யவிக்கில் அப்போது இருந்தது ஹாலோகலான்ட் என்ற, போர்க்காலத்தில் ராணுவத்துக்காகக் கட்டிய கொட்டகை. களம் முழு அளவு கிடையாது. குறுகிய களத்தில் பழகிய அணி 20 மீட்டர் அகலக் களத்துக்கு வந்தால் இரண்டு சிக்கல். விங்கில், அதாவது களத்தின் ஓரத்தில், நிற்பவருக்கு எந்தக் கோணத்திலிருந்து பாய வேண்டும் என்ற கணக்கு தவறும். தடுப்பில் ஆளுக்கு ஆள் இடைவெளி கூடிவிடும், பக்கவாட்டில் நகரும் கால் வேகம் போதாது. 1965-ல் லாய்கார்டால்ஸ்ஹோல் அரங்கம் திறந்த பிறகுதான் உலகத் தரமான ஆட்டத்தைத் தலைநகரிலேயே நடத்த முடிந்தது.

அறுபதுகளின் கடைசியில் கெய்ர் ஹால்ஸ்டெய்ன்சன் வந்தார். ஹாஃப்னார்ஃப்யோர்டூர் ஊரின் எஃப்.எச். கிளப் ஆள். 1968-ல் நாட்டின் சிறந்த விளையாட்டு வீரராகத் தேர்வானார். பின்னர் ஜெர்மனியின் கோப்பிங்கன் கிளப்புக்கு ஆடப் போனார். இந்தப் பயணம் ஒரு தனி வீரரின் முன்னேற்றம் மட்டுமல்ல, பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் வழி அதுவே. ஐஸ்லாந்து லீகில் ஆடுபவர்களில் பெரும்பாலோர் பகலில் வேலைக்கோ படிப்புக்கோ போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவர்கள். ஜெர்மன் லீகில் வாராவாரம் இரண்டு மீட்டர் உயரத் தடுப்பாளர்களோடு மோதிப் பழகிய ஐந்தாறு பேர் கிடைத்தால்தான் தேசிய அணி நிற்கும். எழுபதுகளில் அப்படிப்பட்டவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். எனவே முடிவுகளும் அப்படி: 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 12, 1974 உலகப் போட்டியில் 14, 1978-ல் 13.

கிளப் அளவில் மட்டும் ஒரு ஒளிக்கீற்று: 1980-ல் வாலூர் ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை சென்று, ஜெர்மனியின் குரோஸ்வால்ஸ்டாட்டிடம் 12–21 என்று தோற்றது. பகுதிநேர ஆட்டக்காரர்களின் கிளப் அது என்பதை நினைத்தால் இன்றும் வியப்புதான்.

எண்பதுகளைப் புரிந்துகொள்ள அன்றைய படிநிலை முறை தெரிய வேண்டும். உலகப் போட்டி ஏ, பி, சி என்று அடுக்காக இருந்தது. ஏ-யில் கடைசியில் வந்தால் பி-க்கு இறக்கம், பி-யில் முன்னணியில் வந்தால் ஏ-வுக்கு ஏற்றம். ஒலிம்பிக் இடங்களும் இதே படிகளில் பிரிந்தன. சிறிய நாட்டுக்கு இது கொடுமையான முறை. ஒரு மோசமான வாரம் வந்தால் இரண்டு மூன்று வருடத் திட்டம் சரியும்.

போலந்தைச் சேர்ந்த பொக்டான் கோவால்சிக் 1983-ல் தேசியப் பயிற்சியாளர் ஆனார். அதற்கு முன் விகிங்கூர் கிளப்பை உள்நாட்டு லீகில் முன்னணிக்குக் கொண்டுவந்தவர். கிழக்கு ஐரோப்பியக் கட்டுப்பாட்டோடு, கோடையிலும் நிற்காத நீண்ட பயிற்சி முகாம்களைக் கொண்டுவந்தார். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்கு ஐஸ்லாந்து தகுதி பெறவில்லை; சோவியத் யூனியனும் அதன் நட்பு நாடுகளும் புறக்கணித்ததால் காலியான இடத்துக்கு அழைப்பு வந்தது. முதல் ஆட்டத்திலேயே, பின்னர் தங்கம் வென்ற யூகோஸ்லாவியாவோடு 22–22 என்று சமன் செய்தார்கள். இறுதியில் 6-ஆம் இடம். 1986 உலகப் போட்டியில் டென்மார்க்கை 25–16 என்று நொறுக்கி மீண்டும் 6-ஆம் இடம். கிறிஸ்ட்யான் அரசன், அல்ஃப்ரெட் கிஸ்லாசன், தோர்கில்ஸ் ஓட்டார் மாத்தியேசன், கீப்பர் எய்னார் தோர்வர்தார்சன் ஆகியோரின் தலைமுறை அது.

1988 சியோலில் பதக்கம் கிடைக்கும் என்று நாடே எதிர்பார்த்தது. வந்தது 8-ஆம் இடம், அதோடு பி பிரிவுக்கு இறக்கம். மறு வருடம் பிரான்ஸில் நடந்த பி சாம்பியன்ஷிப்பில் அதே தலைமுறை இறுதி ஆட்டத்தில் போலந்தை 29–26 என்று வென்று கோப்பையோடு திரும்பியது. பி பிரிவுப் பட்டம்தான் என்றாலும், பெரியவர்களுக்கான சர்வதேசப் போட்டி ஒன்றில் ஐஸ்லாந்து ஆண்கள் அணி முதலிடம் பெற்றது என்பதால் இதற்கு ஊரில் இன்றும் தனி மரியாதை உண்டு. 1990 உலகப் போட்டியில் 10-ஆம் இடம். கோவால்சிக்கின் காலம் அதோடு முடிந்தது.

1992-ல் மறுபடியும் ஒரு காலி இடம். ஐ.நா. தடையால் யூகோஸ்லாவியா பார்சிலோனாவுக்கு வர முடியாமல் போக, ஐஸ்லாந்து உள்ளே வந்தது. கடைசி நேரத்தில் அழைக்கப்பட்ட அணி அரையிறுதி வரை போனது! முன்னாள் சோவியத் நாடுகளின் கூட்டணியிடம் 19–23, வெண்கல ஆட்டத்தில் பிரான்ஸிடம் 20–24. இந்த இரண்டு ஸ்கோர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். போட்டியின் கடைசி இரண்டு ஆட்டங்களில் சரிவது ஐஸ்லாந்து வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் வடிவம்.

1995 உலக சாம்பியன்ஷிப்பைச் சொந்த மண்ணில் நடத்தினார்கள். முதன்முறையாக 24 அணிகள். இத்தனை சிறிய நாடு அதை நடத்திக் காட்டியதே பெரிது. ஆனால் ஆட்டத்தில் முதல் பதினாறு அணிகளின் நாக்அவுட் சுற்றில் ரஷ்யாவிடம் படுதோல்வி, 14-ஆம் இடம். இரண்டு வருடம் கழித்து, எந்த ஆரவாரமும் இல்லாமல் ஜப்பானின் குமாமோட்டோவில், தோர்பியோர்ன் யென்சன் பயிற்சியில், கெய்ர் ஸ்வெய்ன்சன் தலைமையில் 5-ஆம் இடம் பிடித்தார்கள். காலிறுதியில் ஹங்கேரியிடம் ஒரே கோலில் தோல்வி. 1999-க்குத் தகுதியே பெறவில்லை.

2001-ல் குட்முன்டூர் குட்முன்ட்சன் பயிற்சியாளராக வந்ததிலிருந்து கதை வேகமெடுக்கிறது. எண்பதுகளின் அணியில் இடது விங் ஆடியவர். வீடியோவில் எதிரணியை அக்கக்காகப் பிரித்துப் பார்ப்பவர் என்று பெயர். அவர் கையில் ஓலஃபூர் ஸ்டெஃபான்சன் இருந்தார்: இடது கைக்காரர், ரைட் பேக் (வலது பக்கத்தில் பின்னாலிருந்து எறிபவர்). ஜெர்மனியின் மாக்டெபர்க் கிளப்பில் அல்ஃப்ரெட் கிஸ்லாசனின் பயிற்சியில் 2002-ல் சாம்பியன்ஸ் லீக் வென்றவர். பின்னர் ஸ்பெயினின் சியுடாட் ரியாலில் மேலும் மூன்று முறை வென்றார்.

இடது கை ஏன் அவ்வளவு முக்கியம்? களத்தின் வலது பக்கத்திலிருந்து எறிய வலது கைக்காரரின் கோணம் குறுகும். கை கோலின் நடுப்பக்கம் இருக்காமல் ஓரக்கோட்டுப் பக்கம் இருக்கும். கீப்பர் பாதிக் கோலை மறந்துவிட்டே நிற்கலாம். தடுப்பாளர்களும் அந்தப் பக்கம் நெருங்கத் தேவையில்லாமல் நடுவில் குவிவார்கள். எனவே ரைட் பேக், ரைட் விங் இரண்டுக்கும் சேர்த்து நல்ல இடது கைக்காரர்கள் நான்கு பேராவது அணியில் வேண்டும். பெரிய நாட்டுக்கு அது தேர்வுப் பிரச்சினை. சிறிய நாட்டுக்கு அது பிறப்புக் கணக்கு. எந்தப் பயிற்சி முகாமும் அதை உண்டாக்கித் தராது.

2002 ஐரோப்பிய சாம்பியன்ஷிப் ஸ்வீடனில். ஸ்பெயினோடும் பிரான்ஸோடும் சமன், யூகோஸ்லாவியாவை 34–26, ஜெர்மனியை 29–24 என்று வெற்றி. ஆறு ஆட்டங்களில் தோல்வியே இல்லை. ஓலஃபூர் 58 கோலோடு போட்டியின் அதிக கோல் வீரர். பிறகு அரையிறுதி: ஸ்வீடனிடம் 22–33. மறுநாள் வெண்கல ஆட்டம்: டென்மார்க்கிடம் 22–29. முதல் ஆறு ஆட்டங்களில் தோற்காத அணி கடைசி இரண்டில் பதினொன்றும் ஏழுமாகத் தோற்றதற்குத் திறமைக் குறைவு காரணம் என்று சொல்ல முடியாது. கால் ஓய்ந்துவிட்டது. கால் ஓய்ந்தால் முதலில் கெடுவது தாக்குதல் அல்ல, பின்வாங்கும் ஓட்டம். பந்தை இழந்த கணத்தில் தங்கள் கோலை நோக்கித் திரும்பி ஓட இரண்டு வினாடி தாமதம். அதில் எதிரணிக்கு ஆளில்லாத கோல். ஸ்கோர் திடீரென்று பத்து என்று விரிவது அப்படித்தான்.

2007 உலகப் போட்டி ஜெர்மனியில், அல்ஃப்ரெட் கிஸ்லாசன் பயிற்சியில். உக்ரைனிடம் தோற்று வெளியேறும் நிலையில், பிரான்ஸை 32–24 என்று வென்றார்கள். காலிறுதியில் டென்மார்க்கிடம் கூடுதல் நேரத்தில் 41–42. அந்த ஆட்டத்தின் கடைசி ஓரிரு நிமிடங்களை ஐஸ்லாந்தில் யாரிடம் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வார்கள். இடது விங் குட்யோன் வாலூர் சிகுர்ட்சன் 66 கோலோடு போட்டியின் அதிக கோல் வீரர். பின்னாளில் தேசிய அணிக்காக 1,800 கோலைத் தாண்டி உலகச் சாதனையும் படைத்தவர்.

இனி 2008. மே, ஜூன் மாதங்களில் நடந்ததை முதலில் பார்க்க வேண்டும். ஒலிம்பிக் தகுதிச் சுற்று போலந்தின் வ்ரோட்ஸ்வாஃபில். ஸ்வீடனை 29–25 என்று வென்று ஐஸ்லாந்து இடம் பிடித்தது. அடுத்த சில வாரங்களில், 2009 உலகப் போட்டிக்கான இரண்டு ஆட்டத் தகுதிச் சுற்றில் மாசிடோனியாவிடம் தோற்று வெளியேறியது. அதாவது, ஆகஸ்டில் ஒலிம்பிக் வெள்ளி வென்ற அணி, அடுத்த ஜனவரியில் உலகப் போட்டியை டிவியில்தான் பார்த்தது. இந்த அணியின் இயல்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று இல்லை.

பெய்ஜிங்கில் ரஷ்யாவை 33–31, ஜெர்மனியை 33–29 என்று வென்றார்கள். தென் கொரியாவிடம் 21–22 தோல்வி. டென்மார்க்கோடு 32–32, கடைசி வினாடியில் கிடைத்த 7 மீட்டர் எறிதலை (கால்பந்தின் பெனால்டி போன்றது) ஸ்னோரி ஸ்டெய்ன் குட்யோன்சன் கோலாக்கினார். எகிப்தோடும் 32–32. குரூப்பில் 3-ஆம் இடம். காலிறுதியில் போலந்தை 32–30. அரையிறுதியில் ஸ்பெயினை 36–30. ஆகஸ்ட் 24 இறுதியில் பிரான்ஸிடம் 23–28. முதல் பாதியிலேயே 10–15.

ஏன் அந்த முறை கடைசி வரை கால் நின்றது? அட்டவணையைப் பாருங்கள். ஆகஸ்ட் 10, 12, 14, 16, 18, 20, 22, 24. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நடுவில் ஒரு முழு நாள் ஓய்வு. இன்னொன்று, ஒலிம்பிக் அணியில் 14 பேர்தான். உலகப் போட்டியிலும் ஐரோப்பியப் போட்டியிலும் ஓர் ஆட்டத்துக்கு 16 பேர். பெரிய நாடுகள் பதினைந்தாவது, பதினாறாவது ஆளாகக் கொண்டுவரும் தரமான வீரர்களை ஒலிம்பிக் விதி வீட்டில் உட்காரவைக்கிறது. ஆழமில்லாத அணிக்கு இரண்டும் சாதகம். மூன்றாவது, வேலைப் பிரிவினை. ஸ்வெரே யாகோப்சன், இங்கிமுன்டூர் இங்கிமுன்டார்சன் இருவரும் தடுப்புக்கு உள்ளே வருவார்கள், தாக்குதலில் வெளியே போவார்கள். ஓலஃபூரும் ஸ்னோரியும் தடுப்பில் அடி வாங்காமல் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இதில் ஒரு ஆபத்தும் உண்டு: மாற்றம் நடக்கும் மூன்று வினாடியில் எதிரணி வேகமாகப் பந்தை எடுத்து வந்தால் தடுப்பில் ஓட்டை. ஸ்பெயின் அதைப் பயன்படுத்தத் தவறியது, பிரான்ஸ் பயன்படுத்தியது.

பியோர்க்வின் பால் குஸ்டாவ்சன் என்ற இளம் கீப்பர் அந்தப் போட்டியில்தான் நாட்டுக்கு அறிமுகமானார். கீப்பரின் பங்கைக் கணக்கிட எளிய வழி உண்டு. கோலை நோக்கி வரும் 40 பந்துகளில் 12 தடுத்தால் 30 சதவீதம். அது நல்ல கீப்பர். 16 தடுத்தால் 40 சதவீதம்; அது ஆட்டத்தை வென்று தரும் கீப்பர். வித்தியாசம் நான்கு கோல். 1992-ல் ஐஸ்லாந்து அரையிறுதியிலும் வெண்கல ஆட்டத்திலும் தோற்றது அதே நான்கில்தான்.

போட்டியின் சிறந்த ஏழு பேரில் மூவர் ஐஸ்லாந்துக்காரர்கள்: குட்யோன் வாலூர், ஸ்னோரி ஸ்டெய்ன், ஓலஃபூர். ஒலிம்பிக் வரலாற்றில் ஐஸ்லாந்தின் நான்காவது பதக்கம் அது. குழு விளையாட்டில் முதலாவது. முந்தைய மூன்றும் தனிநபர்களுடையவை: 1956-ல் மும்முறைத் தாண்டுதல் வெள்ளி, 1984-ல் ஜூடோ வெண்கலம், 2000-ல் கம்பூன்றித் தாண்டுதல் வெண்கலம். வீரர்களை வரவேற்க ரெய்க்யவிக் தெருக்களில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். ஆறு வாரத்தில் நாட்டின் வங்கிகள் சரிந்தன. அந்தக் குளிர்காலத்தில் மக்கள் பெருமையோடு பேச இந்த அணி இருந்தது என்பதை அங்குள்ளவர்கள் மறப்பதில்லை.

2010 ஐரோப்பியப் போட்டி ஆஸ்திரியாவில். 13 நாளில் 8 ஆட்டம், கடினமான அட்டவணை. செர்பியாவோடு 29–29, ஆஸ்திரியாவோடு 37–37 (எதிரணியின் பயிற்சியாளரும் ஐஸ்லாந்துக்காரர், டாகூர் சிகுர்ட்சன்), டென்மார்க்கை 27–22, குரோஷியாவோடு 26–26, ரஷ்யாவை 38–30, நார்வேயை 35–34. அரையிறுதியில் பிரான்ஸிடம் 28–36. இங்கே 2002 மறுபடி நடந்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் வியன்னாவில் போலந்தை 29–26 என்று வென்றார்கள். வித்தியாசம் பெஞ்ச். ஆரோன் பால்மார்சன் என்ற 19 வயதுப் பையன் ஜெர்மனியின் கீல் கிளப்பிலிருந்து வந்திருந்தான். ஆர்னோர் அட்லாசன், ஆஸ்கெய்ர் ஓர்ன் ஹால்க்ரிம்சன் போன்றவர்கள் 2003-ல் ஐரோப்பிய இளையோர் பட்டம் வென்ற அணியிலிருந்து முதிர்ந்து வந்திருந்தார்கள். ஐஸ்லாந்து வரலாற்றில் எட்டாவது ஆளும் பத்தாவது ஆளும் ஜெர்மன் லீக் தரத்தில் இருந்த காலம் அதுதான்.

2012 லண்டனில் அதே அணி உச்சத்தில் இருந்தது என்பது என் மதிப்பீடு. குரூப்பில் ஐந்துக்கு ஐந்து வெற்றி. ஸ்வீடனை 33–32, பிரான்ஸை 30–29. காலிறுதியில் ஹங்கேரியிடம் இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பிறகு 33–34. அந்த ஒரு கோலால் ஐஸ்லாந்து இழந்தது அரையிறுதியை, ஒருவேளை தங்கத்தையே. குரூப்பில் அவர்கள் வென்ற பிரான்ஸும் ஸ்வீடனும்தான் இறுதி ஆட்டத்தில் மோதின.

அதன் பிறகு தலைமுறை ஓய்ந்தது. 2014 ஐரோப்பியப் போட்டியில் 5-ஆம் இடம் என்பது மிச்சமிருந்த வலு. அதே வருடக் கோடையில் போஸ்னியாவிடம் 32–33, 29–29 என்று தோற்று உலகப் போட்டி வாய்ப்பை இழந்தார்கள். பஹ்ரைனும் ஐக்கிய அரபு அமீரகமும் விலகியதால் 2015 கத்தார் போட்டிக்கு மாற்று இடம் கிடைத்தது. 1984, 1992-க்குப் பிறகு மூன்றாம் முறையாகக் காலி இடத்தில் நுழைவு. 2016 ஐரோப்பியப் போட்டியில் நார்வேயை வென்றுவிட்டு பெலாரசிடம் 38–39 தோற்று, குரோஷியாவிடமும் தோற்று முதல் சுற்றோடு வெளியே. 2018-லும் 13. 2021 உலகப் போட்டியில் 20, அதன் மிகத் தாழ்ந்த இடங்களில் ஒன்று. இந்த வருடங்களில் ஆரோன் பால்மார்சன் உலகின் சிறந்த வீரர்களில் ஒருவர். அவரைச் சுற்றித் தொழில்முறை அனுபவம் குறைந்த இளைஞர்கள். அவர் காயத்தில் உட்கார்ந்தால் தாக்குதலுக்குத் திசை சொல்ல ஆள் இல்லை.

2022 ஜனவரியில் புடாபெஸ்ட்டில் அணி மறுபடி எழுந்தது. போர்ச்சுகல், நெதர்லாந்து, ஹங்கேரி மூன்றையும் வென்றார்கள். பிறகு கொரோனா, பரிசோதனை முடிவு வரவர முன்னணி வீரர்கள் ஒவ்வொருவராக அறைக்குள் அடைக்கப்பட்டார்கள். அந்த நிலையில், ஒலிம்பிக் சாம்பியனான பிரான்ஸை 29–21 என்று வென்றது இந்த அணியின் மிக அழகான ஆட்டங்களில் ஒன்று. ஓமார் இங்கி மக்னூசன் 59 கோலோடு போட்டியில் முதலிடம். விக்டர் கிஸ்லி ஹால்க்ரிம்சன் சிறந்த கீப்பர். குரோஷியாவிடம் 22–23 என்று ஒரு கோலில் தோற்றதால் அரையிறுதி தங்கள் கையில் இல்லாமல் போனது. டென்மார்க் பிரான்ஸை வென்றால் உள்ளே. டென்மார்க் 29–30 தோற்றது. 6-ஆம் இடம்.

2025 உலகப் போட்டியில், இப்போது பயிற்சியாளராக இருக்கும் ஸ்னோரி ஸ்டெய்னின் கீழ், முதல் நான்கு ஆட்டங்களும் வெற்றி. ஸ்லோவேனியாவுக்கு வெறும் 18 கோல்தான் விட்டார்கள். இந்தக் காலத்தில் அரிய எண்ணிக்கை. எகிப்தை 27–24. பிறகு சாக்ரெப்பில் குரோஷியாவிடம் 26–32; அங்கும் எதிரணிப் பயிற்சியாளர் டாகூர் சிகுர்ட்சன். கடைசியில் குரோஷியா, எகிப்து, ஐஸ்லாந்து மூன்றுக்கும் தலா 8 புள்ளி. அப்படி வந்தால் அந்த மூன்றும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் கோல் வித்தியாசத்தை மட்டும் எடுப்பார்கள். எகிப்து குரோஷியாவை 28–24 என்று வென்றிருந்தது. எனவே குரோஷியாவுக்கு +6, −4, ஆக +2. எகிப்துக்கு +4, −3, ஆக +1. ஐஸ்லாந்துக்கு +3, −6, ஆக −3. குரோஷியாவிடம் ஆறுக்குப் பதில் மூன்று கோலில் தோற்றிருந்தால் ஐஸ்லாந்து 0, குரோஷியா −1. ஐஸ்லாந்து காலிறுதியில் இருந்திருக்கும். ஆறு ஆட்டத்தில் ஐந்து வென்ற அணிக்கு 9-ஆம் இடம். அவர்களை வெளியேற்றிய குரோஷியா வெள்ளி வரை போனது. இங்கே தவறு தோற்றதில் இல்லை. முதல் பாதியில் பின்தங்கியபோது வித்தியாசத்தைக் கட்டுக்குள் வைக்கும் நிதானம் இல்லாததில்தான். எகிப்து–குரோஷியா முடிவு முன்பே தெரியும், கணக்கும் முன்பே போட்டிருக்கலாம்.

ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதற்கு வருகிறேன். ஊருக்கு ஒரு உள்ளரங்கம், நீண்ட இருண்ட குளிர்காலம், பல விளையாட்டுகளை ஒரே கூரையில் நடத்தும் கிளப்புகள், சிறுவர்களுக்கும் தகுதி பெற்ற பயிற்சியாளர்கள். இதைவிட முக்கியமாக நான் நினைப்பது வேறொன்று. சிறந்தவர்கள் இருபது, இருபத்தொன்றிலேயே ஜெர்மனிக்கும் டென்மார்க்குக்கும் போய்விடுவதால் உள்நாட்டு முதல் பிரிவில் இடம் காலியாகிக்கொண்டே இருக்கிறது. பதினேழு வயதுப் பையன் முழு ஆள்களோடு அறுபது நிமிடம் ஆடுகிறான். ஜெர்மனியில் அதே வயதுப் பையன் இளையோர் லீகில்தான் இருப்பான். 2023-ல் 21 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியில் ஐஸ்லாந்து வெண்கலம் வென்றதும், 2024-ல் வாலூர் ஒலிம்பியாகோஸை வென்று ஐரோப்பியக் கோப்பை ஒன்றை முதன்முறையாக நாட்டுக்குக் கொண்டுவந்ததும் இந்த மண்ணிலிருந்துதான்.

ஆட்டம் குடும்பங்களிலும் இறங்குகிறது. 2008 வெள்ளி அணியின் லோகி கெய்ர்சன், கெய்ர் ஹால்ஸ்டெய்ன்சனின் மகன். இன்றைய அணியின் நடு ஆட்டக்காரர் கிஸ்லி தோர்கெய்ர், கிறிஸ்ட்யான் அரசனின் மகன். 2023 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் தோள்மூட்டு நழுவி, மறுநாள் இறுதியில் ஆடி, மாக்டெபர்க்குக்குக் கோப்பையும் தனக்குச் சிறந்த வீரர் விருதும் வாங்கியவர். உயரத்தில் சிறியவர், தடுப்பாளரின் தோளுக்குக் கீழே புகுந்து போவதே அவர் பாணி. அதனாலேயே தோள் அடிக்கடி அடிபடுகிறது.

பயிற்சியாளர்களையும் சேர்க்காமல் இந்த வரலாறு முழுமை பெறாது. 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு ஐஸ்லாந்து தகுதி பெறவில்லை. ஆனால் தங்கம் வென்ற டென்மார்க்கின் பயிற்சியாளர் குட்முன்டூர் குட்முன்ட்சன், வெண்கலம் வென்ற ஜெர்மனியின் பயிற்சியாளர் டாகூர் சிகுர்ட்சன். 2024 பாரிஸில் ஜெர்மனி வெள்ளி வென்றபோது பெஞ்சில் அல்ஃப்ரெட் கிஸ்லாசன். அதே பாரிஸில் நார்வே பெண்கள் தங்கம் வென்றபோது தோரிர் ஹெர்கெய்ர்சன். உடல் பலத்தாலும் ஆள் எண்ணிக்கையாலும் வெல்ல முடியாத நாட்டில் வளர்ந்தவன், எந்த இடைவெளி எப்போது திறக்கும் என்று படித்தே ஆட வேண்டியிருக்கிறது. அந்தப் படிப்பு, ஆள் பலமும் உள்ள நாட்டின் கையில் கிடைக்கும்போது பதக்கமாகிறது.

பெண்கள் அணியின் பாதை தனி. 2010-ல்தான் முதல் ஐரோப்பியப் போட்டி, 2011-ல் முதல் உலகப் போட்டி, அதில் 12-ஆம் இடம். நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2023 உலகப் போட்டிக்கு வந்து, பின்தங்கிய அணிகளுக்கான பிரசிடென்ட்ஸ் கோப்பையை வென்றது; 2024-ல் ஐரோப்பியப் போட்டியில் முதல் வெற்றி.

அடுத்த பெரிய போட்டியில் ஐஸ்லாந்தைக் கணிக்க விரும்பினால் நட்சத்திரங்களின் பெயரைப் பார்க்காதீர்கள். அணிப் பட்டியலில் இடது கைக்காரர்கள் எத்தனை பேர், இரண்டாம் கீப்பர் எந்த லீகில் ஆடுகிறார், தடுப்பின் நடுவில் நிற்கும் இருவருக்கு மாற்று யார், அடுத்தடுத்த நாளில் ஆட்டம் எத்தனை முறை வருகிறது என்ற நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் காலிறுதி வரை நம்பலாம். அரையிறுதியில் நிற்குமா என்பதை நான்காவது சொல்லும்.